உள்ளாட்சியின் வரவு செலவையும் மக்கள் புகாரையும் ஒன்றாக வைத்துப் படிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒரு நகராட்சியில் வரிக் கணக்கு ஒரு பிரிவில் இருக்கும், ஒப்பந்தக் கோப்பு இன்னொரு பிரிவில் இருக்கும், மக்கள் கொடுத்த புகார்கள் மூன்றாவதாக ஒரு கணினிக்குள் கிடக்கும். மூன்றும் பேசுவது அதே தெருக்களைப் பற்றித்தான். ஆனால் இந்தத் தெருவிலிருந்து எவ்வளவு வரி வந்தது, இங்கே எவ்வளவு செலவானது, இங்கே இருப்பவர்கள் எதற்காக எத்தனை முறை மனு கொடுத்தார்கள் என்று சேர்த்துக் கேட்டுப் பாருங்கள், பதில் வர இரண்டு வாரம் ஆகும், சில இடங்களில் வரவே வராது. தரவுப் பகுப்பாய்வு என்று நாம் சொல்வது இந்த மூன்றையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருகிற வேலை. அதற்குப் பெரிய மென்பொருள் தேவையில்லை, எக்செல் போதும், லிப்ரே ஆபீஸ் போதும். பொறுமைதான் நிறைய வேண்டும். அலுவலகத்துக்குள் இருப்பவர், மன்ற உறுப்பினர், கணக்குப் பார்க்க ஆர்வமுள்ள குடிமகன் என்று யார் வேண்டுமானாலும் இந்த வரிசையில் போகலாம்.

படி 1: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"நிதி நிலையை மேம்படுத்துதல்" என்பது கேள்வி அல்ல. "நிதியாண்டின் கடைசி மூன்று மாதங்களில் ஒப்பந்தக்காரர்களுக்குப் பணம் கொடுக்க முடியாமல் போவது ஏன்?" என்பது கேள்வி. "ஒரே தெருவில் குடிநீர்க் குழாய் திரும்பத் திரும்ப உடைகிறதே, அதற்கு இதுவரை எவ்வளவு செலவாகியிருக்கிறது?" என்பது அதைவிட நல்ல கேள்வி. கேள்விக்குப் பக்கத்திலேயே இன்னொன்றையும் எழுதிவிடுங்கள்: பதில் கிடைத்தால் அதை வைத்து முடிவெடுக்கப் போவது யார்? அந்த இடத்தில் எழுத ஒரு பதவியும் கிடைக்கவில்லை என்றால் வேறு கேள்வியை எடுங்கள். எண்களைத் திரையில் காட்டும் டாஷ்போர்டை முதலில் வாங்கிவிட்டு அப்புறம் கேள்வி தேடினால் யாரும் திறக்காத ஒரு திரைதான் மிஞ்சும்.

படி 2: நான்கு அட்டவணைகளைக் கேட்டு வாங்குங்கள்

முதலாவது, வரி. ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு வரிசை: வரிவிதிப்பு எண், தெரு, வார்டு, நடப்புக் கேட்பு (இந்த ஆண்டு கட்ட வேண்டிய வரி), பழைய நிலுவை, வசூலான தொகை, வசூலான தேதி. இரண்டாவது, செலவு. ஒவ்வொரு வவுச்சருக்கும் (பணம் கொடுத்ததற்கான சீட்டு) ஒரு வரிசை, கணக்குத் தலைப்போடு. மூன்றாவது, ஒப்பந்தங்கள்: வேலையின் பெயர், மதிப்பீடு, எத்தனை பேர் டெண்டர் போட்டார்கள், யாருக்குப் போனது, வேலை முடிந்த தேதி, இறுதிப் பட்டியல் (பில்) தொகை. நான்காவது, புகார்: வந்த தேதி, வகை, இடம், முடித்த தேதி, மறுபடி திறக்கப்பட்டதா என்பது.

மாத வாரியான கூட்டுத்தொகை கொடுத்தால் வாங்காதீர்கள். கூட்டிய பிறகு பிரிக்க முடியாது. அச்சிட்டு ஸ்கேன் செய்த பிடிஎஃப் கொடுத்தாலும் மூலக் கோப்பைக் கேளுங்கள், அது எங்கோ ஒரு கணினியில் நிச்சயம் இருக்கும். குறைந்தது மூன்று நிதியாண்டுக் கணக்கு வேண்டும். ஒரே ஆண்டை வைத்துக்கொண்டு எது வழக்கம், எது விதிவிலக்கு என்று சொல்லிவிட முடியாது.

படி 3: சுத்தம் செய்தல், மொத்த நேரத்தில் பாதி இங்கேதான் போகும்

ஒருமுறை நான் உட்கார்ந்து பார்த்த புகார் அட்டவணையில் "பள்ளிக்கூடத் தெரு", "பள்ளிக்கூடத்தெரு", "பள்ளி தெரு", "ஸ்கூல் ஸ்ட்ரீட்" என்று நான்கு இருந்தன. எல்லாம் ஒரே தெரு. நான்காகச் சிதறிக் கிடந்ததால் அதிகப் புகார் வந்த முதல் இருபது தெருக்களில்கூட அது வரவில்லை. சேர்த்தவுடன் மூன்றாவது இடத்துக்கு வந்துவிட்டது. அங்கே குடியிருப்பவர்கள் அத்தனை நாள் சத்தம் போட்டும் யார் காதிலும் விழாததற்கு ஒரு இடைவெளியும் எழுத்துப்பிழையும்தான் காரணம் என்று தெரிந்தபோது எனக்கு மனம் கனத்துவிட்டது.

அதனால் முதல் வேலை, ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுப்பது. நான்கு அட்டவணைகளிலும் அந்த எண் ஒரு பத்தியாக (நெடுவரிசையாக) இருக்க வேண்டும், பின்னால் எல்லாவற்றையும் இணைக்கப் போவது அதுதான். பெயர்களை ஒன்றுசேர்க்க ஓபன்ரீஃபைன் என்ற இலவச மென்பொருள் நன்றாக உதவும், ஒரே மாதிரி தெரியும் எழுத்துகளைக் கொத்தாகக் காட்டி "இவை ஒன்றா?" என்று கேட்கும். ஆனால் கடைசி முடிவை அந்த வார்டைத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுங்கள். வடக்குத் தெருவும் வடக்குக் குறுக்குத் தெருவும் ஒன்றல்ல என்று கணினிக்குத் தெரியாது.

மற்ற கண்ணிகள்: 03/04 என்று இருப்பது மார்ச்சா ஏப்ரலா என்பதை விரிதாள் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்துவிடும். வரிவிதிப்பு எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யங்கள் காணாமல் போகும், அந்தப் பத்தியை எழுத்தாக வைத்துத் திறந்தால்தான் தப்பும். ஒரு பிரிவு முழுத் தொகையும் இன்னொரு பிரிவு ஆயிரங்களிலும் எழுதியிருக்கும். காசோலை திரும்பிவந்து மறுபடி கட்டிய ரசீது இரண்டு முறை வசூலாக நிற்கும். காலியாக இருக்கும் கட்டத்தைப் பூஜ்யமாக்கிவிடாதீர்கள், "தெரியவில்லை" வேறு, "ஒன்றுமில்லை" வேறு.

மூலக் கோப்பைத் தொடவே கூடாது. நகலில் வேலை செய்யுங்கள், எதை மாற்றினீர்கள் என்று தனியாக ஒரு தாளில் தேதியோடு எழுதி வாருங்கள். சுத்தம் செய்து முடித்ததும் மொத்தத் தொகையைத் தணிக்கை செய்யப்பட்ட ஆண்டுக் கணக்கோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் காரணம் தெரியும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 4: வருமானத்தைப் பிரித்துப் பாருங்கள்

"வசூல் 90 சதவீதம்" என்று யாராவது சொன்னால் உடனே கேளுங்கள், எதில் 90? நடப்புக் கேட்பு 100, அதில் வசூல் 90 என்று வைத்துக்கொள்வோம். அதே அலுவலகத்தில் பழைய நிலுவை 80, அதில் வசூல் 4. சேர்த்துப் பார்த்தால் 180க்கு 94, அதாவது 52 சதவீதம். இரண்டு எண்ணும் பொய்யில்லை, ஆனால் ஒன்றை மட்டும் சொல்வது பாதிக் கதை.

நிலுவையை வயது வாரியாகப் பிரியுங்கள்: ஓராண்டுக்குள், ஒன்று முதல் மூன்று, மூன்றுக்கு மேல். பிறகு பெரிய தொகைகளை மேலிருந்து எடுத்து ஒவ்வொன்றுக்கும் காரணத்தை எழுதுங்கள். இடிக்கப்பட்ட கட்டடம், ஒரே வீட்டுக்கு இரண்டு எண், நீதிமன்ற வழக்கு, அரசுக் கட்டடம், உண்மையிலேயே கட்டாதவர். வசூலாகவே முடியாத கேட்பு பதிவேட்டில் உட்கார்ந்திருக்கும் வரை பட்ஜெட்டில் வராத பணத்தை வரவாக எழுதிக்கொண்டே இருப்பார்கள், செலவு மட்டும் அதை நம்பி நடக்கும்.

அடுத்தது வரி நியாயமாக விழுகிறதா என்பது. இதை நிறையப் பேர் பார்ப்பதே இல்லை, எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. வரி சொத்தின் மதிப்பை வைத்து விதிக்கப்படும் இடங்களில் விற்பனை விலையையும் வரிக்காகப் போட்ட மதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஐந்து வீடுகள், விற்ற விலை 100, 200, 300, 400, 1000. வரி மதிப்பு 90, 160, 240, 300, 600. ஒவ்வொன்றின் விகிதம் 0.90, 0.80, 0.80, 0.75, 0.60. இடைநிலை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண், 0.80. ஒவ்வொரு விகிதமும் இடைநிலையிலிருந்து சராசரியாக எவ்வளவு விலகியிருக்கிறது என்று எடுத்து, அதை இடைநிலையால் வகுத்தால் 8.75 சதவீதம் வரும். பன்னாட்டு மதிப்பீட்டு அலுவலர்கள் சங்கத்தின் அளவுகோல்படி குடியிருப்புகளுக்கு இது 5 முதல் 15க்குள் இருக்கலாம், ஆகவே எல்லாம் சரி என்று தோன்றும்.

இப்போது இன்னொரு கணக்கு. விகிதங்களின் சாதாரண சராசரி 0.77. மொத்த வரி மதிப்பு 1390ஐ மொத்த விலை 2000ஆல் வகுத்தால் 0.695. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 1.11 வருகிறது. இது 0.98க்கும் 1.03க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பது அதே சங்கத்தின் அளவுகோல். மேலே போனால் விலையுயர்ந்த வீடுகள் குறைத்து மதிப்பிடப்பட்டிருக்கின்றன, சின்ன வீட்டுக்காரர் தன் சொத்தின் அளவுக்கு மீறிக் கட்டுகிறார் என்று அர்த்தம். ஒரு சோதனையில் தேறிய பட்டியல் இன்னொன்றில் தோற்கிறது, பார்த்தீர்களா? நிஜத்தில் ஐந்து வீடு போதாது, முடிந்த அளவு நிறைய விற்பனைப் பதிவுகளை எடுங்கள், உறவினருக்குள் நடந்த விற்பனைகளைத் தள்ளிவிடுங்கள். பரப்பளவை வைத்து வரி போடும் இடமென்றால் இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே பதிவேட்டுப் பரப்பையும் நிஜப் பரப்பையும் ஒப்பிட வேண்டும், மாதிரிக்குச் சில கட்டடங்களை நேரில் அளந்தாலே நிலைமை புரியும்.

வரி கட்டச் சொல்லி அனுப்பும் நோட்டீஸையும் சோதித்துப் பார்க்கலாம். பிரிட்டன் வருமான வரித்துறை 2011 வாக்கில் "பத்தில் ஒன்பது பேர் உரிய காலத்தில் கட்டிவிடுகிறார்கள்" என்ற மாதிரியான வாக்கியத்தைச் சிலருடைய நினைவூட்டல் கடிதத்தில் மட்டும் சேர்த்து அனுப்பியது, அந்தக் கடிதம் பெற்றவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் கட்டினார்கள். நீங்களும் நிலுவைக்காரர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பழைய நோட்டீஸ், இன்னொரு பாதிக்கு எளிய மொழியில் எழுதிய புதியது என்று அனுப்பி அறுபது நாள் கழித்து ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும், எண்ணில் பொய் சொல்லாதீர்கள். உங்கள் இடத்தில் பத்தில் ஆறு பேர்தான் கட்டுகிறார்கள் என்றால் அந்த வாக்கியமே வேண்டாம்.

படி 5: செலவில் எங்கே கண் வைப்பது

மாத வாரியாகச் செலவை ஒரு கோடாக வரையுங்கள். கடைசி மாதத்தில் திடீரென்று மலைபோல் ஏறினால் "பணம் திரும்பிப் போய்விடும்" என்ற அவசரத்தில் நடந்த செலவு அது. அந்த மாத வேலைகளைத் தனியாக எடுத்து, அடுத்த ஆண்டில் அதே இடங்களிலிருந்து எத்தனை புகார் வந்தது என்று வையுங்கள்.

அப்புறம் சில தேடல்கள். ஒரே ஒப்பந்தக்காரர், ஒரே தொகை, அருகருகே தேதி இருந்தால் ஒரே பில் இரண்டு முறை போயிருக்கலாம். டெண்டர் தேவைப்படும் வரம்புக்குச் சற்றே கீழே நிறையத் தொகைகள் குவிந்திருந்தால் ஒரு வேலையைத் துண்டு போட்டிருக்கலாம். ஒரே ஒருவர் மட்டும் டெண்டர் போட்ட வேலைகள் எத்தனை, அவற்றில் இறுதிப் பட்டியல் மதிப்பீட்டைத் தாண்டியது எத்தனை என்றும் பாருங்கள். பென்ஃபோர்டு விதி என்று ஒன்றும் உண்டு: இயல்பாக உருவாகும் தொகைகளில் முதல் இலக்கம் 1 ஆக இருப்பது சுமார் 30.1 சதவீதம், 9 ஆக இருப்பது சுமார் 4.6 சதவீதம்தான். உங்கள் வவுச்சர்கள் இதிலிருந்து வெகுதூரம் விலகினால் ஏன் என்று கேட்கலாம். நிர்ணயக் கட்டணம், ஒரே அளவு உதவித்தொகை போன்றவற்றை முதலில் நீக்கிவிட வேண்டும், அவை இந்த விதிக்குக் கட்டுப்படாது.

இவை எதுவும் குற்றச்சாட்டு அல்ல. கோப்பை எடுத்துப் பார்க்க வேண்டிய இடத்தைக் காட்டும் விரல், அவ்வளவுதான். கோப்பைப் பார்க்காமல் ஒருவர் பெயரைப் பொதுவெளியில் போடுவது பெரிய அநியாயம், அதைச் செய்யாதீர்கள்.

படி 6: கையிருப்பைக் கணியுங்கள்

கடந்த மூன்று ஆண்டுகளில் ஒவ்வொரு மாதமும் மொத்த வரவில் எத்தனை சதவீதம் வந்தது என்று எடுத்து, இந்த ஆண்டுக்கும் அதையே பொருத்துங்கள். செலவுக்கும் அப்படியே. இரண்டின் வித்தியாசத்தை மாதாமாதம் கூட்டிக்கொண்டே போனால் கை வறளும் மாதம் முன்கூட்டியே தெரிந்துவிடும். உங்கள் கணிப்பை நம்புவதற்கு முன், முதல் இரண்டு ஆண்டை மட்டும் வைத்து மூன்றாவது ஆண்டைக் கணித்து நிஜத்தோடு ஒப்பிடுங்கள், எவ்வளவு தவறுகிறது என்பதும் ஒரு தகவல்தான். வட அமெரிக்க அரசு நிதி அலுவலர்கள் சங்கம் குறைந்தது இரண்டு மாத இயக்கச் செலவுக்குச் சமமான கையிருப்பைப் பரிந்துரைக்கிறது, தொடக்கத்துக்கு அது நல்ல அளவுகோல்.

தினசரிச் செலவையும் மூலதனச் செலவையும் (கட்டடம், சாலை போன்று நீண்ட காலம் நிற்பவற்றுக்கான செலவு) கலக்காதீர்கள். நியூயார்க் நகரம் 1975இல் திவால் விளிம்புக்குப் போனதற்குப் பின்னால் இருந்த காரணங்களில் ஒன்று, அன்றாடச் செலவுகளை மூலதனக் கணக்கில் எழுதிக் கடன் வாங்கிச் சமாளித்தது.

படி 7: புகார்களைக் கவனமாகப் படியுங்கள்

புகார் குறைவாக இருந்தால் அங்கே பிரச்சினை இல்லை என்று பொருள் கொள்ளவே கூடாது. பாஸ்டன் நகரம் ஸ்ட்ரீட் பம்ப் என்ற செயலியை வைத்துச் சாலைப் பள்ளங்களைக் கண்டுபிடிக்க முயன்றது. கார் குலுங்கும்போது கைபேசி அதைப் பதிவு செய்யும். யோசனை அருமை, ஆனால் ஸ்மார்ட்போன் குறைவாக இருக்கும் ஏழைப் பகுதிகளும் முதியவர்கள் வாழும் பகுதிகளும் அந்தத் தரவில் மங்கித்தான் தெரியும் என்ற கேள்வி உடனே எழுந்தது. உங்கள் புகார் தொலைபேசி எண், இணையதளம், செயலி எல்லாவற்றுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

எனவே புகாரை வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். அமைதியாக இருக்கும் வார்டுகளில் குலுக்கிப் போட்டு இருபது தெருவைத் தேர்ந்தெடுத்து நேரில் நடந்து போய் எண்ணுங்கள், எத்தனை விளக்கு எரியவில்லை, எத்தனை சாக்கடை அடைத்திருக்கிறது என்று. புகாருக்கும் நேரில் கண்டதற்கும் உள்ள இடைவெளி, யாருடைய குரல் அலுவலகம்வரை வரவில்லை என்பதைக் காட்டும்.

முடிக்க ஆகும் நாளுக்குச் சராசரி எடுக்காதீர்கள், இடைநிலையை எடுங்கள். ஒரே நாளில் மூடப்படும் ஆயிரம் சின்னப் புகார்கள் ஆறு மாதம் தூங்கும் பத்துப் புகார்களை அதிலும் மறைத்துவிடும், ஆகவே முடிக்க மிக நீண்ட நாள் எடுத்த பத்து சதவீதப் புகார்களைத் தனியாகக் காட்டுங்கள். "முடிக்கப்பட்டது" என்று போட்ட முப்பது நாளுக்குள் அதே தெருவிலிருந்து அதே வகைப் புகார் திரும்ப வந்தால் அது முடியவில்லை, மூடப்பட்டது.

படி 8: இணைக்கும் இடம்

தெருக் குறியீட்டை வைத்து நான்கு அட்டவணைகளையும் சேருங்கள். எடுத்துக்காட்டாக ஒரு தெருவில் மூன்று ஆண்டில் குடிநீர்க் கசிவு என்று 31 புகார், அதற்காக 14 முறை ஒட்டுவேலை, 14 தனித்தனி வவுச்சர். ஒவ்வொன்றும் சின்னத் தொகை, யாருடைய கண்ணிலும் படாது. பதினான்கையும் கூட்டி, அந்தக் குழாயை முழுதாக மாற்றுவதற்கான மதிப்பீட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒட்டுவேலைச் செலவு பாதியைத் தாண்டியிருந்தாலே மன்றத்தில் பேச வேண்டிய விஷயம் கிடைத்துவிட்டது. செலவு அட்டவணையை மட்டும் பார்த்தவருக்கும் இது தெரியாது, புகாரை மட்டும் பார்த்தவருக்கும் தெரியாது.

தீராத புகார் அதிகமுள்ள தெருக்களில் வரி நிலுவையும் அதிகமா என்று பார்க்க ஆசை வரும். பாருங்கள், ஆனால் இரண்டும் சேர்ந்து இருப்பதால் ஒன்றால் மற்றது வந்தது என்று எழுதிவிடாதீர்கள். வருமானம் குறைந்த பகுதி என்பதால் இரண்டுமே நேர்ந்திருக்கலாம். நிலுவை வைத்திருப்பவர்களில் சிலரிடம் போய் நேரடியாகக் கேட்டுவிடுவது நல்லது.

படி 9: மக்களிடம் கொண்டு போங்கள்

இங்கிலாந்தில் 2011இலிருந்து உள்ளாட்சி மன்றங்கள் 500 பவுண்டுக்கு மேற்பட்ட ஒவ்வொரு செலவையும் வெளியிட்டு வருகின்றன. வெளியிடுவது அவசியம்தான், ஆனால் ஆயிரக்கணக்கான வரிசைகளைப் படிக்க யாருக்கும் நேரமில்லை. ஒரு வார்டுக்கு ஒரு பக்கம் போதும்: இங்கிருந்து வந்த வரி, இங்கே நடந்த வேலைகள், வீட்டுக்கு எவ்வளவு என்ற கணக்கில் குப்பை, தண்ணீர், விளக்குச் செலவு, நிலுவையில் உள்ள புகார்கள். கூடவே ஒரு விளக்கம் சேருங்கள்: குறைவாக வரி தரும் வார்டுக்கு அதிகம் செலவாவது தவறல்ல, பொது நிதி அதற்காகத்தான்.

தனிமனித விவரம் வெளியே போகக் கூடாது. பெயர், கைபேசி எண், வீட்டு எண் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அட்டவணையின் ஒரு கட்டத்தில் ஐந்துக்கும் குறைவான வீடுகள் வந்தால் அதைப் பக்கத்துத் தெருவோடு சேர்த்துக் காட்டுங்கள், இல்லாவிட்டால் யார் என்று அக்கம்பக்கத்தினர் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மக்களையே முடிவெடுக்க வைப்பதற்கு பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி 1989இல் வழிகாட்டியது. அங்கே பகுதிக் கூட்டங்களில் மக்கள் முன்னுரிமைகளை வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். பணத்தைப் பிரிக்கும்போது அந்த முன்னுரிமையோடு மக்கள்தொகையும், எந்த வசதி எங்கே குறைவு என்பதும் கணக்கில் சேர்ந்தன. சத்தமாகப் பேசும் பகுதிக்கே எல்லாம் போய்விடாமல் தரவு தடுத்தது. ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் 2010இலும் ஸ்பெயினின் பார்சிலோனாவில் 2016இலும் இதற்கான இணையவழித் தளங்கள் தொடங்கப்பட்டன. பார்சிலோனாவின் டெசிடிம் தளம் திறமூலம் என்பதால் எந்த நகரமும் எடுத்துப் பயன்படுத்தலாம். எந்த வழியானாலும் ஒவ்வொரு யோசனைக்கும் பக்கத்தில் உத்தேசச் செலவைப் போடுங்கள், விலை தெரியாமல் போடும் வாக்கு ஏமாற்றத்தில்தான் முடியும். வந்தவர்களின் வயது, பால், பகுதி விவரத்தை மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு ஒப்பிட்டு, யார் வரவில்லையோ அவர்களிடம் அடுத்த முறை நீங்கள் போங்கள்.

படி 10: கூட்டத்துக்கு ஒரு நாள் குறியுங்கள்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1999 இறுதியில் மேயரான மார்ட்டின் ஓமாலி சிட்டிஸ்டாட் என்ற முறையைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு துறையும் சுமார் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எண்களோடு வந்து உட்கார வேண்டும், முதலில் பார்த்தது ஓவர்டைம், விடுப்பு போன்ற சாதாரண விஷயங்கள்தான். அங்கே வேலை செய்தது தவறாமல் வந்த தேதி. உங்களுக்கு மாதம் ஒரு முறை, ஒரு மணி நேரம், ஐந்து எண்கள் போதும். போன கூட்டத்தில் யார் எதை ஒப்புக்கொண்டார் என்பதை முதலில் வாசித்துவிட்டுப் பேசத் தொடங்குங்கள்.

வார்டுப் பக்கத்தை அச்சிட்டு, பேனாவோடு, அந்தத் தெருக்காரர்களிடம் கொடுத்து "இதில் தப்பு எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். முடிந்தது என்று நாம் எழுதிய விளக்கு எரியவில்லை என்பார்கள், இல்லாத பூங்காவைக் காட்டுவார்கள். ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு அட்டவணையில் ஏற்றுங்கள், அடுத்த மாதப் பக்கத்தின் முதல் வரியில் அதைப் போடுங்கள்.